பிரதிவாதி மச்சானுக்கு வாதி எழுதிக்கொண்டது

நெல்ஸ் ஏரி, விஸ்கான்சின்
வெள்ளிக்கிழமை காலை

அன்புக்கும், வழக்கு முடிந்த மறுநாளிலிருந்து பழையபடி முழு மரியாதைக்கும் உரிய மச்சான் நார்பர்ட் கொசியோல் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஆர்டிஸின் கணவனும், தங்கள் மேல் மேடிசன் பட்டணத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருப்பவனுமாகிய எல்ராய் ஷ்மிட்கே வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம். ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது. பூனைக்கு இருமல் நின்றுவிட்டது. தாங்களும், தங்கள் மனைவி வெர்னாவும், தங்கள் சப்பர் கிளப் என்னும் சாப்பாட்டுக் கடையும், அதன் அடுப்புகளும், எண்ணெய்ச் சட்டிகளும், மதுக்கூடமும், முன்வாசல் படிகள் நீங்கலாக மற்ற யாவும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

மச்சான், 'தாங்கள்' என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது. கோர்ட்டு சம்பந்தப்பட்ட கடிதம் மரியாதையாக இருக்க வேண்டும் என்று நூலகத்து ஃபிலிஸ் சொன்னதற்காக ஒரு பத்தி வரை தாக்குப்பிடித்தேன். இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. விஷயம் இதுதான். நான் உன் மேல் போட்ட வழக்கின் சம்மன் உன் கைக்கு வந்து சேர்ந்தது என்று இன்று சாயங்காலம் கோர்ட்டு மூடுவதற்குள் காட்டாவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஏற்கனவே இரண்டு கெடு தவறியாயிற்று. இது கடைசிக் கெடு. இதைக் கேட்டதும் நீ "அடப்பாவமே, எல்ராய் தோத்துட்டானே" என்று வெர்னாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஜெயிக்கப்போகிறேன், அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. சட்டம் என் பக்கம், நியாயம் என் பக்கம், படி மட்டும்தான் உன் பக்கம். ஹால் பிடித்தாயிற்று, சமையல் ஆயிற்று, பாதிரியார் வந்து உட்கார்ந்துவிட்டார், மாப்பிள்ளையைத்தான் காணோம் என்கிற கல்யாணம் மாதிரி, வழக்கில் எல்லாம் தயார், பிரதிவாதி ஒருவன்தான் குறை. அந்தக் குறையை நீயே பார்த்துத் தீர்த்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நாளைக்கு நீதிபதி கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே என்பதற்காகத் திரும்பச் சொல்கிறேன். நான் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து கால் இரண்டும் போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்கு அழ வேண்டியதை அழுது முடித்தாயிற்று. மாடுகளை விற்றாயிற்று. சக்கர நாற்காலியில் நாய் துரத்தினால் தப்பித்துவிடுகிற வேகமும் வந்தாயிற்று. தபால் ஆபீஸில் நுழைகிறேன், மாதா கோவிலில் நுழைகிறேன், பல் டாக்டரிடம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் நுழைத்துவிடுகிறார்கள். நுழைய முடியாத ஒரே இடம் சொந்த மச்சானுடைய சாப்பாட்டுக் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஊரே வந்து மீன் வறுவலும் உருளைக்கிழங்கு அடையும் தின்கிற இடம். நானும் ஆர்டிஸும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்த இடம். அதன் முன்வாசலில் உங்கள் அப்பா ஐந்து படி கட்டி வைத்தார். பின்னால் சமையல்கட்டுக் கதவை மட்டும் தரையோடு தரையாக வைத்தார், ஏனென்றால் பீர்ப் பீப்பாயும் கிழங்கு மூட்டையும் படியேறாது என்று அவருக்குத் தெரியும். ஆக நாலு வருஷமாக நான் கிழங்கு மூட்டையின் வழியில்தான் உள்ளே வருகிறேன்.

நீ குறை வைத்தாய் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நான் பின்வாசலில் வந்து நின்றால், "வழி விடுங்க, வழி விடுங்க, எங்க வீட்டு மாப்ளே வர்றார்!" என்று நீ போடுகிற சத்தத்தில் ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கிற வாத்தெல்லாம் எழுந்து பறக்கும். சமையல்காரி பெவ் சட்டியிலிருந்து சுடச்சுட ஒரு துண்டு மீனை எடுத்து என் வாயில் போடுவாள். பாத்திரம் கழுவுகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ராஜ மரியாதைதான், ஆனால் ராஜா எங்கேயாவது வெங்காயத் தொட்டிக்கும் கழுவுத் தொட்டிக்கும் நடுவே ஊர்வலம் போவாரா, யோசித்துப் பார். அதுவாவது பரவாயில்லை. சமையல்கட்டு வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னதற்கு, மதுக்கூடத்திலிருந்து நாலு தடியன்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு என்னைத் தூக்கச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு மூணு பிராந்தி உள்ளே போயிருந்தது. மூன்றாவது படியில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நம் அணி பந்தை வீசியிருக்க வேண்டுமா, பந்தோடு ஓடியிருக்க வேண்டுமா என்று விவாதம் ஆரம்பித்தார்கள். நான் பல்லக்கில் தொங்குகிற சாமி மாதிரி அந்தரத்தில் இருந்துகொண்டு, ஓடியிருக்க வேண்டும் என்று என் அபிப்பிராயத்தையும் சொன்னேன். வேறென்ன செய்ய? இறங்கவா முடியும்?

அன்னிக்கு ராத்திரிதானே உன்கிட்டே சொன்னேன், "மச்சான், ஒரு சாய்தளம் கட்டு, பலகையிலயாவது கட்டு"ன்னு. நீ என்ன சொன்னே? "கட்டறேன் மாப்ளே, வசந்தம் வரட்டும், மண்ணு இளகட்டும்"ன்னே. வசந்தம் வந்துது. ஒண்ணு இல்லே, மூணு வந்துது. முதல் வசந்தத்துல கொத்தனாருக்கு முதுகுவலி. ரெண்டாவது வசந்தத்துல மதுக்கூடத்துக்குப் புது விளக்கு. மூணாவதுல, "யாராவது உன்னை வெளியே நிறுத்தினாங்களா மாப்ளே? உன்னைத் தலைமேல தூக்கி வச்சுக் கொண்டாடறோமே, போதாதா?"ன்னு கேட்டே. நான் சொன்னேன், "தூக்கி வைக்க வேண்டாம் மச்சான், கீழேயே விடு, நானா வர்றேன்." நீ சிரிச்சே. மேஜையில இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வீட்டுக்கு வந்து ஃபிலிஸுக்கு ஃபோன் பண்ணி, நூலகத்துல சட்டப் புஸ்தகம் இருக்கான்னு கேட்டேன். இருந்துது. படிச்சேன். ஊனமுற்றவங்க எல்லாரையும் போலக் கடைகண்ணிக்குள்ள போக வழி செஞ்சு கொடுக்கணும்னு சட்டம் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சாம். உன் அஞ்சு படிக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரலை. ஆகஸ்ட் கடைசியில வக்கீல் வைக்காம நானே வழக்குப் போட்டேன். காசு ஒண்ணும் கேக்கலை, நீ நல்லா பார்த்துக்கோ. ஒரு சாய்தளம், அவ்வளவுதான்.

இப்போ கெடு கதைக்கு வர்றேன். வழக்குப் போட்டதிலிருந்து மூணு மாசத்துக்குள்ள சம்மன் உன் கையில சேரணும். மூணு மாசம் எதுக்கு, மூணு நிமிஷம் போதுமேன்னு நினைச்சேன். அந்த வெள்ளிக்கிழமையே கிழங்கு மூட்டை வழியா வந்து, பெவ் கொடுத்த மீனை முழுங்கிட்டு, நானே உன் கையில கொடுத்தேன். நீ கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு நின்ன இடத்துலயே முழுசாப் படிச்சே. "பிரமாதமா எழுதியிருக்கே மாப்ளே, இந்த ரெண்டாவது பக்கத்துல படியைப் பத்தி சொல்லியிருக்கே பாரு, எனக்கே வருத்தமாயிடுச்சு"ன்னே. வெர்னாவைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினே. அப்புறம் ஐஸ் பெட்டி மேல காந்தத்தால ஒட்டி வச்சே, இன்னும் அங்கேதான் இருக்குன்னு பெவ் சொல்றா. மறுநாள் கோர்ட்டு ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி, கொடுத்தாச்சு, படிச்சாச்சு, ஒட்டியாச்சுன்னு பெருமையாச் சொன்னா, அங்கே ஃபோனை எடுத்த பொண்ணு, "ஐயா, வழக்குப் போட்டவரே கொடுத்தா செல்லாது. பதினெட்டு வயசு முடிஞ்ச, வழக்குல சம்பந்தப்படாத வேற ஆள்தான் கொடுக்கணும்"னா. ஐஸ் பெட்டியில இருக்கிறது கோர்ட்டைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம்.

சரி, என் தங்கை பையன் டேரில் இருக்கானேன்னு, முதல் பனி விழுந்த வாரம் அவனை அனுப்பினேன். முப்பத்திரண்டு வயசு, மரம் வெட்டற தொழில், கரடியைக் கண்டாக்கூட வணக்கம் சொல்லிட்டுப் போறவன். சட்டைக்குள்ள சம்மனை வச்சுக்கிட்டு முன்வாசல் வழியா வந்தான். நீ என்ன பண்ணினே? அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு பிராந்தி கலந்து வச்சே. அவன் வண்டி பிரேக் சத்தம் போடறதைக் கேட்டுட்டு, வெளியே போய்ப் பனியில படுத்து நீயே பார்த்தே. மீன் போட்டே, அடை போட்டே, ஆப்பிள் கூழ் ஊத்தினே. கிளம்பும்போது கொடுத்துடலாம்னு அவன் நினைச்சிருக்கான். நம்ம ஊர்ல கிளம்பறது என்ன லேசான வேலையா? நாற்காலியை விட்டு எழுந்து தொடையைத் தட்டி, "சரி, அப்போ"ன்னு சொன்னதுக்கப்புறம் அரை மணி நேரம். கதவுகிட்ட அரை மணி. வண்டிகிட்ட நீ கண்ணாடிப் பனியைச் சுரண்டி விட்டுட்டே பேசினது இன்னும் கொஞ்சம். திரும்பி வந்தவன் கையில ஒரு டப்பா மீனும் ஒரு பாட்டில் பீட்ரூட் ஊறுகாயும். சம்மன் சட்டைக்குள்ளயே இருந்துது, எண்ணெய்க் கறையோட.

"ஏண்டா கொடுக்கலை?"ன்னு கேட்டேன்.

"எப்படி மாமா கொடுக்கறது? ஒரு கையில அவர் டப்பாவை நீட்டறார். இன்னொரு கையால நான் கோர்ட்டுக் காகிதத்தை நீட்டணுமா? மனுஷன்தானே நான்?"

"டப்பாவை வாங்கிக்கிட்டுக் காகிதத்தைக் கொடுக்க வேண்டியதுதானே!"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

அதுவும் சரிதான், என் தங்கை அப்படித்தான். மீன் நல்லா இருந்துது, சொல்லிடறேன்.

அடுத்தது, உறவும் வேண்டாம் பாசமும் வேண்டாம், சட்டம் தெரிஞ்ச ஆள் போகட்டும்னு ஓய்வு பெற்ற போலீஸ்காரர் கிளாரன்ஸ்கிட்டே கொடுத்தேன். கட்டணம் வாங்கிக்கிட்டு சம்மன் கொடுக்கிற வேலையை அவர் இப்பவும் பார்க்கிறார், கண்டிப்பான ஆள், சொந்தத் தம்பிக்கே அபராதம் போட்டவர். ஆனா நான் ஒரு விஷயத்தை யோசிக்கலை. கெடு நவம்பர் கடைசியில. மான் வேட்டைப் பருவம் திறக்கிற வாரம். அந்த வாரம் இந்த மாநிலத்துல குழந்தை பிறந்தாலே அப்பனுக்குத் தகவல் போகாது. கிளாரன்ஸ், கவலைப்படாதே எல்ராய், நானும் நார்பர்ட்டும் ஒரே குடிசையிலதான் தங்கப்போறோம், காட்டுல அவன் எங்கே ஓடுவான்னார். எனக்கும் நிம்மதியாப் போச்சு. நடந்தது என்னன்னு உனக்கே தெரியும். முதல் நாள் விடியக்காலையில கிளாரன்ஸ் பையில கையை விடற நேரம் பார்த்துப் பத்துக் கிளைக் கொம்போட ஒரு மான் உன் முன்னால வந்து நின்னுது. நீ சுட்டே. கண்ணுல தண்ணி வந்து, கிளாரன்ஸைக் கட்டிப்பிடிச்சு, "எங்க அப்பாவுக்குக்கூட இப்படி ஒண்ணு கிடைச்சதில்லே"ன்னியாம். ஒரு மனுஷன் வாழ்க்கையில அப்படி ஒரு நாள்ல போய் எவனாவது சம்மன் கொடுப்பானா? கிளாரன்ஸ் கொடுக்கலை. மறுநாள் கொடுக்கலாம்னு இருந்தாராம், மறுநாள் நீ மானோட ஈரலை வறுத்துப் போட்டியாம். அதோட முதல் கெடு போச்சு.

டிசம்பர்ல கோர்ட்டுலேருந்து கடுதாசி வந்துது: சம்மன் கொடுக்கலை, ஏன் வழக்கைத் தள்ளுபடி பண்ணக்கூடாதுன்னு காரணம் சொல்லு. நான் பயப்படலை. உள்ளதை உள்ளபடி எழுதினேன். கனம் நீதிபதி அவர்களே, மான் பருவம், பிரதிவாதி பத்துக் கிளைக் கொம்பு அடித்துவிட்டார், அவ்வளவுதான் காரணம்னு. நீதிபதியும் இந்த மண்ணுல பிறந்தவர் போல இருக்கு, ஜனவரி கடைசி வரைக்கும் வாய்தா கொடுத்துட்டார். ஃபிலிஸ் நூலகத்துலயே கைதட்டினா. நீகூட அந்த வெள்ளிக்கிழமை என் தோளைத் தட்டி, "கேஸ் எப்படிப் போகுது மாப்ளே?"ன்னு விசாரிச்சே. வாய்தா கிடைச்சுதுன்னேன். "நல்லதாப் போச்சு, பதட்டப்படாம பண்ணு"ன்னு ஒரு தட்டு மீன் கூடுதலா வச்சே. உலகத்துல எந்தப் பிரதிவாதியாவது இப்படி இருப்பானா?

ஜனவரியில, நம்ம ஊர்க்காரனே வேண்டாம், உன் மீனையும் தெரியாது உன் முகத்தையும் தெரியாதுங்கிற ஆள் வேணும்னு மில்வாக்கியிலிருந்து ஒருத்தனை வரவழைச்சேன். தொழில்முறை ஆள். இருபது வருஷமா சம்மன் கொடுக்கிறானாம், ஒருத்தரையும் விட்டதில்லையாம், சுடுகாட்டுல வச்சும் கொடுத்திருக்கேன்னு ஃபோன்ல பெருமை அடிச்சான். அவன் வந்த அன்னிக்குப் பனிப்புயல். உன் கிளப் திருப்பத்துலயே அவன் கார் வாய்க்கால்ல இறங்கிடுச்சு. யாரோ ஒருத்தர் லாரியையும் சங்கிலியையும் எடுத்துக்கிட்டு வந்து, பனியில முட்டி போட்டு, காரை இழுத்துப் போட்டு, கைகால் விறைச்சவனை உள்ளே கூட்டிட்டுப் போய், சூடா சூப் கொடுத்து, தன் சாக்ஸையே கழட்டிக் கொடுத்திருக்கார். சூப்பைக் குடிச்சுட்டு இவன், "ஐயா, இங்கே நார்பர்ட் கொசியோல்னு ஒருத்தர், அவர் எப்படிப்பட்ட ஆளு?"ன்னு கேட்டிருக்கான். நீ, "அது நான்தான். ஆள் எப்படின்னு நானே சொல்லக்கூடாது, இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?"ன்னு கேட்டியாம். அவன் என் வீட்டுக்கு வந்து சம்மனை மேஜையில வச்சான், வாங்கின கட்டணத்தையும் பக்கத்துலயே வச்சான். "மன்னிச்சுக்குங்க, அவர் சாக்ஸ் இன்னும் என் கால்ல இருக்கு"ன்னான். ரெண்டாவது கெடுவும் அதோட போச்சு.

இந்தத் தடவை நீதிபதி சிரிக்கலை. போன வாரம் வந்த உத்தரவுல எழுதியிருக்கார்: வாதி சொந்தமாக வழக்கு நடத்துகிற ஒருவர் என்பதால் கடைசியாக ஒரு வாய்ப்பு, வெள்ளிக்கிழமை மாலை வரை, இனி எந்த மிருகத்தின் பருவமும், எந்த வானிலையும், எந்த உணவும் காரணமாக ஏற்கப்படமாட்டாது. உணவைப் பத்தி அவருக்கு யார் சொன்னாங்கன்னு தெரியலை. நான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்.

மச்சான், படுக்கையில படுத்துக்கிட்டு நான் சில சமயம் யோசிப்பேன். இவன் நல்லவனா, இல்லே ரொம்பக் கெட்டிக்காரனா? ஆர்டிஸ்கிட்டே கேட்டேன். அவ மாவு பிசைஞ்சுக்கிட்டே, "ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன். நான் எந்தக் கட்சியும் இல்லை, என்னை விட்டுடுங்க"ன்னுட்டா. வழக்குப் போட்ட நாள்லேருந்து இதே பதில்தான். கடைத்தெருவுல யாராவது கேட்டாலும் இதேதான். நல்ல பொம்பளை, யாரையும் நோகடிக்கத் தெரியாதவ. நான் அவளை இதுல இழுக்கவும் மாட்டேன். அதனால நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: நீ நல்லவன். நல்லவன்கிட்டே ஆள் அனுப்பறதுதான் தப்பு, நேராவே கேட்டுடணும். ஃபிலிஸ் புஸ்தகத்துல ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கா. இதோட ஒரு படிவம் வச்சிருக்கேன். "எனக்குச் சம்மன் யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம், வழக்கை நானே ஏற்றுக்கொள்கிறேன்"னு அதுல இருக்கு. கீழே ஒரு கையெழுத்து போட்டு ஆர்டிஸ்கிட்டயே கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல உன் கடைக்கு ஆப்பிள் பை பலகாரம் சுட்டுக் கொண்டுவருவா இல்லையா, அவ கையிலதான் இந்த உறையைக் கொடுத்து அனுப்பறேன். உள்ளே என்ன இருக்குன்னு அவ பிரிச்சுப் பார்க்க மாட்டா, கேட்கவும் மாட்டா.

நீ போடுவே. எனக்கு நம்பிக்கை இருக்கு. டேரிலோட வண்டி பிரேக்கைப் பார்த்துக் கொடுத்தவன், முன்பின் தெரியாதவனுக்குச் சாக்ஸைக் கழட்டிக் கொடுத்தவன், சொந்த மாப்பிள்ளைக்கு ஒரு கையெழுத்து கொடுக்க மாட்டியா? கையெழுத்துப் போட்டா நீ தோத்ததா அர்த்தம் இல்லை. கோர்ட்டுக்கு வந்து உன் பக்கத்தை நீ சொல்லு, நான் என் பக்கத்தைச் சொல்றேன், வழியில ஒரே வண்டியில போயிட்டு வந்துடலாம், பெட்ரோல் மிச்சம். ஜெயிச்சதும் நானே வந்து சாய்தளத்துக்குப் பலகை பிடிக்கிறேன். உட்கார்ந்துக்கிட்டே பிடிக்கிற வேலை ஏதாவது இருக்கும்.

வெர்னாவுக்கு என் அன்பைச் சொல்லு. பெவ்வுக்கு, போன தடவை மீன்ல உப்பு சரியா இருந்துதுன்னு சொல்லு. உன் மூட்டுவலி குறையட்டும், உன் அடுப்பு அணையாம இருக்கட்டும், அடுத்த வருஷம் பன்னிரண்டு கிளைக் கொம்பா அடி. மகராசனா இரு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாப்பிள்ளையும், உன் மேல் வழக்கில் நிச்சயம் ஜெயிக்கப்போகிறவனும் ஆகிய
எல்ராய்

பின்குறிப்பு: அண்ணா, இது ஆர்டிஸ் எழுதறேன். மேலே இருக்கிறது எல்லாம் இவர் எழுதினது. இதிலிருந்து நான். உறையைப் பிரிச்சேன். நாற்பது வருஷத்துல இவர் கடுதாசியை நான் பிரிச்சது இதுதான் முதல் தடவை, பரவாயில்லை.

நீ கையெழுத்து எதுவும் போட வேண்டாம். போடவும் மாட்டே, எனக்குத் தெரியும். "போடறேன், வசந்தம் வரட்டும்"பே. அந்தப் படிவத்தை அடுப்புல போட்டுட்டேன். அதுக்குப் பதிலா ரொட்டி டப்பா மேல கிடந்த சம்மனை உள்ளே வச்சிருக்கேன், எண்ணெய்க் கறையோட. கடுதாசிக்குப் பின்னால தடிமனா இருக்கே, அதுதான். இப்போ அது உன் கையில இருக்கு. பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும், வழக்குல கட்சியா இருக்கக்கூடாது, அவ்வளவுதானாம் சட்டம். எனக்கு வயசு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. நான் எந்தக் கட்சியும் இல்லைன்னு ஊர் முழுக்கச் சாட்சி இருக்கு. கொடுத்தாச்சுன்னு எழுதிக் கொடுக்கிற காகிதத்துல நான் உன் வாசல்லயே கையெழுத்து போடுவேன். டேரில் வெளியே வண்டியில இருக்கான், நேரா மேடிசன் போறான். உள்ளே வராதேன்னு சொல்லியிருக்கேன். வந்தா நீ சாப்பாடு போட்டுடுவே.

இவருக்கு இது தெரியாது. இவர் உன் நல்ல மனசை நம்பிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கார். கேஸே தோத்தாலும் உன் நல்ல மனசுலதான் தோத்தேன்னு சொல்லிக்குவார். நீ நல்லவன் இல்லேன்னு நான் சொல்லலை அண்ணா. உனக்கு அன்பு சிமெண்ட்டைவிட மலிவாக் கிடைக்குது, அதான் அள்ளி அள்ளிப் போடறே.

இவர் இதுல எழுதாத ஒண்ணை நான் எழுதறேன். போன வெள்ளிக்கிழமை நான் முன்வாசல் வழியா வந்து மேஜையில உட்கார்ந்தேன். இவர் பின்பக்கம் போனார். வழக்கம்போல பெவ்கூடப் பேசிட்டு வருவார்னு நினைச்சேன். சூப் வந்துது, குடிச்சேன். நீ வந்து மில்வாக்கிக்காரன் கதையைச் சொன்னே, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் இவர் வந்தார். பெவ்கூடப் பேசிட்டிருந்தேன்னார். பெவ் அன்னிக்கு லீவு. பீப்பாய் இறக்கினவங்க உள்பக்கமாத் தாழ் போட்டுட்டுப் போயிருக்காங்க. இவர் அந்தக் குளிர்ல கதவைத் தட்டிக்கிட்டே இருந்திருக்கார், எண்ணெய் கொதிக்கிற சத்தத்துல யாருக்கும் கேட்கலை. கடைசியில குப்பை கொட்ட வந்த பையன்தான் கதவைத் திறந்திருக்கான். மேஜைக்கு வந்து முள்கரண்டியை எடுத்தார், விரல் மடங்கலை. பசிக்கலைன்னு சொல்லி மீனை என் தட்டுல வச்சுட்டார். நீ அந்தப் பக்கமாப் போகும்போது, "மீன் பிரமாதம் மச்சான்"னார். வீட்டுக்கு வந்து இவர் கையை என் கைக்குள்ள வச்சுத் தேய்ச்சப்போதான் சொன்னார், "நார்பர்ட்கிட்டே சொல்லாதே, வருத்தப்படுவான்"னு.

சொல்லிட்டேன். வருத்தப்படு.

பதில் கொடுக்க உனக்கு மூணு வாரம் இருக்காம். நீயாவது தேதியைத் தவறவிடாதே. நீ வராமப் போனா இவர் தானாவே ஜெயிச்சுடுவாராம். அப்படி ஜெயிக்கிறது இவருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

ஆப்பிள் பையை சமையல்கட்டு மேஜையில வச்சிருக்கேன். நானும் அந்தக் கதவு வழியாத்தான் வந்தேன் அண்ணா. இனிமே எப்பவும் அந்த வழிதான் வருவேன்.